கல்வியியல் கல்லூரியின் சாதனைப் பட்டியல்: திரட்டுவதும் சரிபார்ப்பதும் எழுதுவதும்

ஆண்டறிக்கை எழுத உட்காரும்போதுதான் பல கல்வியியல் கல்லூரிகளில் சாதனைகளைத் தேடத் தொடங்குகிறார்கள். அதற்குள் இரண்டாம் ஆண்டு பி.எட். மாணவர்கள் தேர்வை முடித்து ஊர் போய்ச் சேர்ந்திருப்பார்கள். பாதிப் பேரின் கைபேசி எண் மாறியிருக்கும். ஆசிரியர்கள் நினைவிலிருந்து சொல்வார்கள், சான்றிதழ் வீட்டில் இருக்கும். அப்படித் தயாராகும் பட்டியலில் உண்மையான உழைப்பு விடுபட்டுப் போகும், காசு கொடுத்து வாங்கிய விருது முதல் வரியில் நிற்கும். நாளை வகுப்பில் மதிப்பெண் போடப்போகிறவர்களை உருவாக்கும் கல்லூரி, தன் மதிப்பெண் பட்டியலில் துல்லியமாக இருந்தே ஆக வேண்டும்.

மாதம் ஒருமுறை திரட்டுங்கள்

ஒவ்வொரு மாதமும் முதல் வேலைநாளில் ஒரு கூகுள் ஃபார்ம் அனுப்புங்கள். ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் தனித்தனி ஃபார்ம் வேண்டும். இரண்டையும் ஒன்றாக்கினால் பாதிக் கட்டங்கள் பொருந்தாமல் வெறுமையாக வரும், பொறுப்பாளர் ஒவ்வொருவரையும் தேடிப் பிடித்துக் கேட்க வேண்டிவரும்.

இரண்டுக்கும் பொதுவான கட்டங்கள் இவை: பெயர் (சான்றிதழில் உள்ளபடி), பதவி அல்லது ஆண்டும் பாடப்பிரிவும், என்ன செய்தார், யார் வழங்கினார்கள், எந்த மட்டம், சான்றில் உள்ள தேதி, சான்றின் பி.டி.எஃப். சான்று இணைக்காவிட்டால் ஃபார்ம் உள்ளே போகாதபடி அமைத்துவிடுங்கள். 'சான்று பிறகு தருகிறேன்' என்ற வரிகள்தான் நாக் (உயர்கல்வி நிறுவனங்களின் தரத்தை மதிப்பிடும் தேசிய அமைப்பு) சரிபார்ப்பின்போது கழுத்தைப் பிடிக்கும்.

பெயர் விஷயத்தில் தனிக் கவனம் வேண்டும். தமிழ்நாட்டில் முன்னெழுத்து சில ஆவணங்களில் பெயருக்கு முன்னாலும் சிலவற்றில் பின்னாலும் வரும், சிலவற்றில் அப்பா பெயராகவே விரிந்துவிடும். ஒரே ஆசிரியரின் கட்டுரைகள் ஸ்கோப்பஸ் என்ற ஆய்விதழ்த் தரவுத்தளத்தில் இரண்டு மூன்று பெயர்ப்பக்கங்களாகச் சிதறிக் கிடப்பதற்குக் காரணம் இதுதான். ஒவ்வொரு ஆசிரியரும் ஆய்வாளரைத் தனித்து அடையாளம் காட்டும், இலவசமாகக் கிடைக்கும் 16 இலக்க ஆர்க்கிட் எண்ணை எடுத்துவைத்து, இனி அனுப்பும் எல்லாக் கட்டுரையிலும் அதைக் குறிப்பிடட்டும்.

வந்தவற்றை எக்செலில் ஏற்றும்போது ஒரு கட்டுரைக்கு ஒரு வரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதி, மூவரும் தனித்தனியாக ஃபார்ம் நிரப்பினால் அது மூன்று கட்டுரையாகிவிடும். பட்டியல் வீங்குவதற்கு இதுவே முதல் காரணம், பெரும்பாலும் யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. ஒவ்வொரு கட்டுரைக்கும் தனியாகத் தரப்படும் டி.ஓ.ஐ. எண்ணை வைத்து இரட்டிப்பைக் கண்டுபிடிக்கலாம். அது இல்லாத இதழென்றால் தலைப்பை வைத்துத் தேடுங்கள்.

கட்டுரையில் அச்சாகியிருப்பது எந்த நிறுவனத்தின் பெயர் என்பதையும் பாருங்கள். ஓர் ஆசிரியர் வேறு கல்லூரியில் இருந்தபோது எழுதிய கட்டுரை அவருடைய சாதனைதான், ஆனால் உங்கள் கல்லூரியின் கணக்கில் சேராது.

ஆய்விதழ்க் கட்டுரைகள்

முதலில் இதழை அடையாளம் காட்டும் ஐ.எஸ்.எஸ்.என். எண். எட்டு இலக்கம் கொண்ட இந்த எண்ணின் கடைசி இலக்கம் ஒரு சோதனை இலக்கம். உதாரணத்துக்கு 0378-5955 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். முதல் ஏழு இலக்கங்களை முறையே 8, 7, 6, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்க 0, 21, 42, 40, 20, 27, 10 வரும். கூட்டினால் 160. அதை 11-ஆல் வகுத்தால் மீதி 6. 11-இலிருந்து 6-ஐக் கழித்தால் 5. கடைசி இலக்கமும் 5, ஆக எண் சரி. கழித்து வருவது 10 என்றால் கடைசி இடத்தில் எக்ஸ் என்ற எழுத்து இருக்கும், மீதி பூஜ்யமானால் கடைசி இலக்கமும் பூஜ்யம். எக்செலில் ஒருமுறை சூத்திரம் எழுதிவிட்டால், தட்டச்சுப் பிழைகளும் இட்டுக்கட்டிய எண்களில் பெரும்பகுதியும் அங்கேயே சிக்கிக்கொள்ளும்.

கணக்கு சரியாக வந்தால் மட்டும் போதாது. அந்த எண்ணை ஐ.எஸ்.எஸ்.என். போர்ட்டலில் தேடி, இதழின் பெயர் பொருந்துகிறதா என்று பாருங்கள். நல்ல இதழின் பெயரையும் எண்ணையும் அப்படியே எடுத்துக்கொண்டு வேறு இணைய முகவரியில் நடத்தும் போலி இதழ்கள் இருக்கின்றன. பெயரும் எண்ணும் சரியாக இருக்கும், முகவரி மட்டும் வேறாக இருக்கும். ஆகவே ஆசிரியர் தந்த இணைப்பைச் சொடுக்காமல், இதழின் உண்மையான தளத்தை நீங்களே தேடிப்போய், அங்கே அந்தக் கட்டுரை இருக்கிறதா என்று பாருங்கள்.

ஸ்கோப்பஸ் என்று சொன்னால் இதழ் எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை அதில் சேர்க்கப்பட்டிருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். சில இதழ்கள் நடுவிலே நீக்கப்பட்டிருக்கும், கட்டுரை அதற்குப் பிறகு வந்திருக்கும். 'இம்பாக்ட் ஃபேக்டர்' (இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற அளவு) என்று எழுத வேண்டுமானால் அந்த எண் கிளாரிவேட் நிறுவனத்தின் ஜர்னல் சைட்டேஷன் ரிப்போர்ட்ஸில் இருக்க வேண்டும். அதே பெயரில் மற்றவர்கள் விற்கும் எண்களைப் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

பல்கலைக்கழக மானியக் குழு ஏற்ற இதழ்களின் பட்டியலான யு.ஜி.சி. கேர் 2025-இல் கைவிடப்பட்டது. அதற்கு முந்தைய கட்டுரைகளுக்கு, வெளிவந்த சமயத்தில் இதழ் பட்டியலில் இருந்ததற்கான சான்றைக் கோப்பில் வையுங்கள். பிந்தையவற்றுக்கு இதழின் தரத்தை முடிவுசெய்யும் பொறுப்பு நிறுவனத்தின் தலையில்தான். கல்லூரிக்குள் மூன்று பேர் கொண்ட ஒரு குழுவை முறைப்படி அமைத்துவிடுவது நல்லது. பதிப்பாசிரியர் குழுவில் இருப்பவர்கள் தங்கள் பல்கலைக்கழகப் பக்கத்தில் அதைக் குறிப்பிட்டிருக்கிறார்களா, சக ஆய்வாளர் மதிப்புரை எப்படி நடக்கிறது என்று விளக்கியிருக்கிறதா, இதழ் காலம் தவறாமல் வருகிறதா, கட்டணம் வெளிப்படையாக இருக்கிறதா என்று அவர்கள் பார்க்கட்டும். இரண்டே நாளில் ஏற்புக் கடிதம் அனுப்பும் இதழில் யாரும் கட்டுரையைப் படித்திருக்க மாட்டார்கள்.

நூல், காப்புரிமை, பட்டம்

நூலை அடையாளம் காட்டும் ஐ.எஸ்.பி.என். எண் 13 இலக்கம். இந்தியப் பதிப்பகங்களின் எண்கள் பெரும்பாலும் 978-81 அல்லது 978-93 என்று தொடங்கும். இங்கே ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமைதான் இதை வழங்குகிறது. எண் இருப்பதால் நூல் தரமானது என்று ஆகிவிடாது, அது வெறும் அடையாள எண். நூலாசிரியர், பதிப்பாசிரியர், ஓர் இயலின் ஆசிரியர் என்ற மூன்றையும் தனித்தனியாகக் குறிக்க வேண்டும். கருத்தரங்க மலரில் வந்த நாலு பக்கக் கட்டுரையை நூல் இயல் என்று எழுதக் கூடாது.

காப்புரிமையில்தான் இப்போது குழப்பம் அதிகம். விண்ணப்பித்தது, இதழில் வெளியானது, வழங்கப்பட்டது ஆகிய மூன்றும் வெவ்வேறு நிலைகள். விண்ணப்பம் 18 மாதம் கழித்துத் தானாகவே காப்புரிமை அலுவலக இதழில் வெளியாகும், கட்டணம் கட்டி அதை முன்கூட்டியே வெளியிடவும் முடியும். அந்த நிலையில் யாரும் கண்டுபிடிப்பைப் பரிசோதித்திருக்க மாட்டார்கள். பரிசோதனைக்குத் தனியாகக் கோரிக்கை வைத்து, ஆட்சேபங்களுக்குப் பதில் சொன்ன பிறகுதான் காப்புரிமை கிடைக்கும். 'காப்புரிமை பெற்றார்' என்று வரும் செய்திகளில் பல உண்மையில் 'விண்ணப்பம் வெளியானது' என்பதுதான். விண்ணப்ப எண் 12 இலக்கம்: முதல் நான்கு ஆண்டு, ஐந்தாவது அலுவலகம். சென்னை அலுவலகம் என்றால் அந்த இடத்தில் 4 இருக்கும். வழங்கப்பட்டதற்கு வேறு எண் உண்டு. அந்த எண் இல்லையென்றால் 'விண்ணப்பம் வெளியானது' என்றே எழுதுங்கள். வடிவமைப்புப் பதிவு இன்னொரு சட்டத்தின் கீழ், பொருளின் தோற்றத்துக்கு மட்டும் கிடைப்பது. அதைக் காப்புரிமைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

முனைவர் பட்டத்துக்கு ஆய்வேடு ஒப்படைத்த நாள், வாய்மொழித் தேர்வு நாள், பல்கலைக்கழக அறிவிப்பு நாள் என்று மூன்று தேதிகள் வரும். மூன்றையும் பதிவேட்டில் வைத்து, சாதனையாக அறிவிப்பு நாளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஒரே பட்டம் இரண்டு கல்வியாண்டுகளில் ஏறிவிடும்.

ஐ.ஐ.டி.கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். இணையவழிப் படிப்புகளில் ஒப்படைப்புகளுக்கு 25, நேரடித் தேர்வுக்கு 75 மதிப்பெண். 90 அல்லது அதற்கு மேல் எடுத்தால் சான்றிதழில் 'எலைட் + கோல்டு' என்று இருக்கும். அது ஒரு மதிப்பெண் தகுதி. அதை 'தங்கப் பதக்கம் வென்றார்' என்று எழுதினால் படிக்கிறவர் போட்டியொன்றில் முதலிடம் என்று நினைத்துக்கொள்வார். படிப்பின் பெயர், வாரங்கள், மதிப்பெண் மூன்றையும் எழுதினாலே அந்த ஆசிரியரின் உழைப்பு தெரிந்துவிடும்.

விருதுகளுக்கு மூன்று கேள்விகள் போதும். யார் தருகிறார்கள்? தேர்வுக் குழு எது, அளவுகோல் என்ன? பெறுபவர் பதிவுக் கட்டணம், நினைவுப்பரிசுக் கட்டணம் என்று ஏதாவது கொடுத்தாரா? மூன்றாவதற்கு 'ஆம்' என்று பதில் வந்தால் பட்டியலில் சேர்க்க வேண்டாம். சங்கடமாகத்தான் இருக்கும். ஆனால் அப்படிப்பட்ட ஒரு வரி இருந்தால், பல ஆண்டு உழைத்து ஆய்வுத்திட்ட நிதி வாங்கிய சக ஆசிரியரின் வரிக்கும் மதிப்பு குறைந்துவிடும்.

மாணவர் சாதனைகள்

தகுதித் தேர்வுகளில் எந்தத் தேர்வு, எந்தத் தாள், எந்த ஆண்டு என்பது கட்டாயம். தமிழ்நாடு ஆசிரியர் தகுதித் தேர்வின் தாள் 1 ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரைக்கும், தாள் 2 ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரைக்கும் உரியது. இரண்டுக்கும் தலா 150 மதிப்பெண். இதில் தேறியது பணி நியமனம் ஆகாது. 'அரசுப் பணி பெற்றார்' என்று எழுத நியமன ஆணை கையில் இருக்க வேண்டும்.

கல்லூரி ஆசிரியர் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வான நெட்டில் 2024 ஜூன் முதல் மூன்று வகைத் தகுதிகள் இருக்கின்றன: இளநிலை ஆய்வு உதவித்தொகையுடன் உதவிப் பேராசிரியர் தகுதி, உதவிப் பேராசிரியர் தகுதியும் பிஎச்.டி. சேர்க்கையும், பிஎச்.டி. சேர்க்கை மட்டும். மூன்றாவது வகையில் வந்தவர் உதவிப் பேராசிரியர் பணிக்குத் தகுதி பெற்றவர் அல்லர். பாடத்தையும் குறிப்பிடுங்கள். பி.எட். மாணவர்கள் பெரும்பாலும் தமிழ், வணிகவியல் என்று தங்கள் முதுகலைப் பாடத்தில் எழுதுவார்கள், கல்வியியல் தாள் அதிலிருந்து வேறு.

விளையாட்டு, கலைப் போட்டிகளில் மட்டத்தைச் சரியாகப் போட வேண்டும்: கல்லூரிக்குள், கல்லூரிகளுக்கிடையே, மண்டலம், பல்கலைக்கழகங்களுக்கிடையே. பல மாநிலத்தவர் கலந்துகொண்ட இணையவழி வினாடிவினாவைத் தேசியப் போட்டி என்று எழுதக் கூடாது. பங்கேற்புச் சான்றிதழைப் பங்கேற்பு என்றே பதியுங்கள்.

இவை எல்லாவற்றையும் விட முக்கியமானது ஒன்று உண்டு. பட்டியல்களில் வராமலே போவதும் அதுதான்: பள்ளியில் மாணவ ஆசிரியர் செய்த வேலை. தேசிய ஆசிரியர் கல்விக் குழுவின் (என்.சி.டி.இ.) 2014 நெறிமுறைப்படி இரண்டாண்டு பி.எட். படிப்பில் பள்ளி அனுபவம் 20 வாரம், முதலாண்டில் 4, இரண்டாமாண்டில் 16. அந்தப் பதினாறு வாரத்தில் பின்னக் கணக்கு வராத பிள்ளைகளுக்கு அது வரும்படி செய்த மாணவி, கல்வியியல் கல்லூரியின் உண்மையான சாதனையாளர். அவருக்குக் கோப்பை கிடைப்பதில்லை, அதனால் ஃபார்மில் அவர் வருவதே இல்லை. ஃபார்மிலேயே 'கற்பித்தல் பயிற்சியில் செய்த செயல் ஆராய்ச்சி' (தன் வகுப்பில் கண்ட ஒரு சிக்கலைத் தீர்க்கச் செய்து பார்த்த ஆய்வு) என்று ஒரு கட்டம் வையுங்கள்.

இதற்குச் சான்று தேவை: முன்தேர்வு வினாத்தாள், பின்தேர்வு வினாத்தாள், பெயர் நீக்கிய மதிப்பெண் அட்டவணை, வழிகாட்டி ஆசிரியரின் கையொப்பம், தலைமையாசிரியரின் கடிதம். கணக்கிடும்போது ஒரு பிழை அடிக்கடி நடக்கும். முன்தேர்வை 32 பேர் எழுதியிருப்பார்கள், பின்தேர்வன்று 27 பேர்தான் வந்திருப்பார்கள். 32 பேரின் சராசரியை 27 பேரின் சராசரியோடு ஒப்பிட்டால், வராத ஐந்து பேர் குறைந்த மதிப்பெண் எடுத்தவர்களாக இருந்தாலே சராசரி தானாக ஏறிவிடும். இரண்டையும் எழுதிய 27 பேரை மட்டும் வைத்து இரண்டு சராசரியையும் போடுங்கள், ஐந்து பேர் விடுபட்டதையும் சொல்லுங்கள்.

பதிவை எழுதும் முறை

'எங்கள் கல்லூரி மாணவி கணிதத்தில் அரிய சாதனை படைத்தார்' என்ற வரியில் ஒன்றும் தெரியாது. அதையே இப்படி எழுதலாம் (எண்கள் மாதிரிக்கு): 'இரண்டாம் ஆண்டு பி.எட். கணிதப் பிரிவு மாணவி, அரசு உயர்நிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்குக் காகித மடிப்பு முறையில் ஆறு வாரம் பின்னங்கள் கற்பித்தார். இரண்டு தேர்வையும் எழுதிய 27 பேரின் சராசரி 25-க்கு 9-இலிருந்து 16 ஆனது.' அடைமொழி ஒன்றுகூட இல்லை, ஆனாலும் படிப்பவருக்கு மரியாதை வந்துவிடும். ஆசிரியர் பதிவுகளிலும் 'புகழ்பெற்ற', 'உலகத்தரம் வாய்ந்த' போன்றவற்றை எடுத்துவிட்டு, இதழின் பெயர், தொகுதி, பக்கம், மாதம் ஆகியவற்றைப் போடுங்கள்.

வெளியிடும் முன்

தகுதித் தேர்வுச் சான்றிதழ்களின் ஸ்கேனை இணையதளத்தில் ஏற்றாதீர்கள். பிறந்த தேதி, பதிவு எண், புகைப்படம் எல்லாம் அதில் இருக்கும். கோப்பில் அசல் பிரதி, தளத்தில் ஒரு வரிச் செய்தி, அவ்வளவே போதும். மாணவரின் எழுத்துபூர்வமான சம்மதத்தை ஃபார்மிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். பள்ளிப் பிள்ளைகளின் முகம் தெரியும் படம் என்றால் பெற்றோர் சம்மதமும் தலைமையாசிரியர் அனுமதியும் இல்லாமல் வெளியிடக் கூடாது. கரும்பலகையையோ துணைக்கருவியையோ பிள்ளைகளின் கைகளையோ படமெடுத்தால் இந்தச் சிக்கலே வராது.

பட்டியலைத் தொகுத்தவர் ஒருவர், சரிபார்ப்பவர் வேறொருவர் என்று இருக்கட்டும். சரிபார்ப்பவர் ஒவ்வொரு வரிக்கும் சான்றைத் திறந்து பார்த்து, பெயர், தேதி, மட்டம் மூன்றையும் ஒப்பிட்டு, எக்செலில் தன் சுருக்கொப்பத்தையும் தேதியையும் இட வேண்டும். பிறகு ஐ.க்யூ.ஏ.சி. (கல்லூரியின் உள் தர உறுதிப் பிரிவு) ஒருங்கிணைப்பாளருக்குப் போகட்டும். ஆண்டு மலருக்கும் ஆண்டுத் தர உறுதி அறிக்கைக்கும் இணையதளத்துக்கும் இந்த ஒரே கோப்பிலிருந்துதான் எடுக்க வேண்டும். மூன்று இடத்தில் மூன்று எண்ணிக்கை இருந்தால் சரிபார்ப்புக் குழு முதலில் கேட்பது அதைத்தான்.

வெளியான பிறகு பிழை தெரிந்தால் அந்த வரியைச் சத்தமில்லாமல் அழித்துவிடாதீர்கள். திருத்திய தேதியுடன் சரியான வரியைப் போட்டு, எக்செலில் பழைய வரியை அப்படியே வைத்து, பக்கத்தில் காரணத்தைக் குறியுங்கள். சம்பந்தப்பட்ட ஆசிரியரிடமோ மாணவரிடமோ திருத்தம் வெளியாகும் முன்பே நேரில் சொல்லிவிடுங்கள்.