பிக் பேங் ஒளியின் முதல் சிகரத்தை உங்கள் லேப்டாப்பில் நீங்களே கண்டுபிடிக்கலாம்

பிரபஞ்சம் பிறந்து சுமார் 3,80,000 ஆண்டுகள் கழித்துக் கிளம்பிய ஒளி இன்னும் வானம் முழுக்க நிறைந்திருக்கிறது. சராசரி வெப்பநிலை 2.725 கெல்வின், இடத்துக்கு இடம் அதில் ஒரு லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் ஏற்ற இறக்கம். வானத்தில் எந்தக் கோண அளவில் இந்த ஏற்ற இறக்கம் எவ்வளவு வலுவானது என்று வரைந்தால் எழும் முதல் மேடுதான் நாம் தேடும் சிகரம். 2009இல் ஏவப்பட்ட பிளாங்க் செயற்கைக்கோள் எடுத்த வரைபடங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன, அதனால் பைதான் கொஞ்சம் தெரிந்தால் போதும்.

முதலில் வான வரைபடங்களைக் கையாளும் ஹீல்பை (healpy) என்ற பைதான் தொகுப்பை நிறுவுங்கள். பிளாங்கின் தரவுத் தளமான பிளாங்க் லெகசி ஆர்க்கைவில் ஸ்மிகா (SMICA, முன்னால் உள்ள பிற ஒளிகளைப் பிரித்தெடுக்கும் முறை) வெப்பநிலை வரைபடத்தையும், வானத்தில் எந்தப் பகுதிகளை ஒதுக்க வேண்டும் என்று காட்டும் பொதுவான வெப்பநிலை மாஸ்க்கையும் இறக்கிக்கொள்ளுங்கள். ஐந்து கோடி பிக்சல்கள், கோப்பு பெரியது, பொறுமையாக இருங்கள். ஹீல்பையின் ரீட்மேப் (read_map) கொண்டே திறப்பது நல்லது, ஏனென்றால் பிக்சல்களுக்கு எண் கொடுக்க நெஸ்டட், ரிங் என்று இரண்டு வரிசைகள் உண்டு, கோப்பில் அவை நெஸ்டட் வரிசையில் இருக்கும், ரீட்மேப் அதைத் தானாகவே ரிங் வரிசைக்கு மாற்றிவிடும். வேறு வழியில் திறந்து இரண்டு வரிசைகளையும் கலந்துவிட்டால் எந்த எர்ரரும் வராது, வானம் மட்டும் சிதறிப்போயிருக்கும். மதிப்புகள் கெல்வினில் இருக்கும், பத்து லட்சத்தால் பெருக்கி மைக்ரோகெல்வினாக்குங்கள்.

இனி மாஸ்க். என்னைக் கேட்டால் இந்த ஆய்வின் உயிரே இங்கேதான் இருக்கிறது: நமக்கு வேண்டிய ஒளி எல்லாவற்றுக்கும் பின்னால் இருக்கிறது, பால்வீதியின் தூசி முன்னால் நின்று தானும் ஒளிர்கிறது. 2014இல் தென்துருவத்தில் இதே ஒளியை ஆராய்ந்த பைசெப்2 (BICEP2) குழு ஆதி ஈர்ப்பலைகளின் தடயம் கிடைத்தது என்று அறிவித்தது, ஆனால் அடுத்த ஆண்டே பிளாங்க் தரவையும் சேர்த்துப் பார்த்தபோது அந்த சிக்னலில் பெரும்பங்கு தூசி என்று தெரிந்தது. அதனால் மாஸ்க்கில் பூஜ்ஜியமாக உள்ள பிக்சல்களை ஒதுக்கிவிட்டு, மிச்சத்திலிருந்து சராசரியையும் டைபோலையும் (வானத்தின் ஒரு பக்கம் சற்றுச் சூடாகவும் எதிர்ப்பக்கம் சற்றுக் குளிராகவும் தெரியும் வித்தியாசம்) ஹீல்பையின் ரிமூவ்டைபோல் (remove_dipole) கொண்டு நீக்குங்கள்.

அப்புறம் கோண அளவு வாரியாக ஏற்ற இறக்கத்தின் வலுவை, அதாவது ஸ்பெக்ட்ரத்தைக் கணக்கிடும் அனாஃபாஸ்ட்டை (anafast) ஓட்டுங்கள், எல் (l, கோண அளவைக் குறிக்கும் எண், எண் கூடினால் அளவு சிறியது) 1500 வரை போதும். வருகிற ஸ்பெக்ட்ரத்தை மாஸ்க் மிச்சம் வைத்த வானப் பங்கால் வகுங்கள், பிறகு 5 ஆர்க்மினிட் பீமின் (வரைபடம் மங்கலாகியிருக்கும் அளவு) ஜன்னல் சார்பின் வர்க்கத்தால் வகுங்கள். எல் 220இல் இந்தத் திருத்தம் இரண்டு சதவீதம்தான், 1000இல் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்காகிவிடும், விட்டுவிட்டால் பின்னால் வரும் சிகரங்கள் அநியாயத்துக்குக் குட்டையாகத் தெரியும். கடைசியாக எல்(எல்+1)ஆல் பெருக்கி 2π ஆல் வகுத்து வரையுங்கள்.

220 அருகே சுமார் 5,700 மைக்ரோகெல்வின் வர்க்க உயரத்தில் ஒரு சிகரம் எழுந்தால் சரி. வானத்தில் அது சுமார் ஒரு டிகிரி அளவு, பிரபஞ்ச வெளி வளைவில்லாமல் கிட்டத்தட்ட தட்டையானது என்று சொல்வதே சிகரம் நிற்கும் அந்த இடம்தான்! 540, 810 பக்கம் அடுத்த இரண்டும் தெரியும். இடது ஓரத்தில் புள்ளிகள் கன்னாபின்னாவென்று ஆடினால் வரைந்த கோட்டைத் திருத்தப் போகாதீர்கள், ஒவ்வொரு எல்லுக்கும் 2எல்+1 மாதிரிகள்தான், எல் சிறிதானால் அவையும் குறைவு, நமக்கு இருப்பது ஒரே வானம். வலது ஓரம் தூக்கினால் அது இரைச்சல், அதற்கு பிளாங்க் பயணத்தின் இரு பாதிகளிலிருந்து தனித்தனியாகச் செய்த ஸ்மிகாவின் இரண்டு அரைப்பயண வரைபடங்களையும் அனாஃபாஸ்ட்டுக்குச் சேர்த்துக் கொடுத்துப் பாருங்கள், இரண்டிலும் இரைச்சல் வேறு வேறு.