தூதரக உதவிப் பணி: நல்ல எண்ணத்தோடு செய்யப்படும் தவறுகள்

வெளிநாட்டில் சிக்கலில் மாட்டிக்கொண்ட குடிமக்களுக்கு உதவும் தூதரகப் பிரிவுக்கு வேலைக்கு வருபவர்கள் பெரும்பாலும் உதவும் மனம் உள்ளவர்கள்தான். இந்தப் பணியில் நடக்கும் பெரிய தவறுகளும் அந்த மனத்திலிருந்தே பிறக்கின்றன. அழுகிற குடும்பத்தைத் தேற்றுவதற்காக முடியாததை முடியும் என்று சொல்லிவிடுகிறோம். சொல்லக் கூடாத தகவலைச் சொல்லிவிடுகிறோம். எல்லாவற்றையும்விட மோசமாக, சிக்கலில் இருப்பவரை ஒரு வார்த்தை கேட்காமலே அவருக்கு எது நல்லது என்று நாமே முடிவு செய்துவிடுகிறோம். தொலைபேசியில் அழைப்பது யாராக இருந்தாலும், நாம் யாருக்காக வேலை செய்கிறோமோ அவர் சிறையிலோ மருத்துவமனையிலோ பூட்டிய அறையிலோ இருக்கும் அந்த ஒருவர்தான். கீழே வரும் தவறுகளில் பெரும்பாலானவை இதை மறப்பதால் வருபவை.

"நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்வது

தூதரகப் பணிக்கு அடிப்படையான சட்டம் 1963ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை. அதன் 5ஆம் பிரிவு, தன் நாட்டுக் குடிமக்களின் நலனைக் காப்பதும் அவர்களுக்கு உதவுவதும் தூதரகத்தின் பணி என்கிறது. ஆனால் 55ஆம் பிரிவு, இருக்கும் நாட்டின் சட்டத்தை மதிக்க வேண்டும், அதன் உள்விவகாரங்களில் தலையிடக் கூடாது என்றும் சொல்கிறது. இந்த இரண்டுக்கும் இடையில்தான் நமக்கு இடம். சிறையிலிருந்து ஒருவரை வெளியே எடுக்க நம்மால் முடியாது. போலீஸ் விசாரணையை நாம் நடத்த முடியாது, நீதிமன்றத்தில் வழக்கறிஞராக நிற்கவும் முடியாது. மருத்துவச் செலவையும் ஜாமீன் தொகையையும் பெரும்பாலான அரசுகள் கட்டுவதில்லை. மிக நெருக்கடியில் பணம் கொடுத்தாலும், திருப்பிச் செலுத்துவதாக எழுதி வாங்கிக்கொண்டுதான் கொடுப்பார்கள்.

ஆறுதலாகச் சொன்ன ஒரு வாக்கியத்தைக் குடும்பம் உறுதிமொழியாகவே எடுத்துக்கொள்ளும். தூதரகம் பார்த்துக்கொள்ளும் என்று நம்பி, வழக்கறிஞரை அமர்த்துவதை ஒரு வாரம் தள்ளிப்போடுவார்கள். அந்த ஒரு வாரத்தில்தான் வாக்குமூலம் எழுதி வாங்கப்பட்டிருக்கும். அதனால் முதல் அழைப்பிலேயே என்ன செய்ய முடியும், என்ன முடியாது, அடுத்து எப்போது பேசுவோம் என்ற மூன்றையும் சொல்லிவிடுங்கள். சொன்ன நேரத்தில் புதிய செய்தி எதுவும் இல்லையென்றாலும் கூப்பிடுங்கள். அழைப்பே வராமல் போனால், தங்களைக் கைவிட்டுவிட்டார்கள் என்றுதான் அவர்கள் நினைப்பார்கள்.

கைது செய்தி தானாக வரும் என்று காத்திருப்பது

வெளிநாட்டவர் ஒருவர் கைதானால் அந்த நாடு உடனே அவருடைய தூதரகத்துக்குச் சொல்லிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். வியன்னா உடன்படிக்கையின் 36ஆம் பிரிவு அப்படிச் சொல்லவில்லை. தன் தூதரகத்துக்குத் தகவல் தரச் சொல்லும் உரிமை உண்டு என்பதைக் கைதானவரிடம் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும், அவர் கேட்டுக்கொண்டால் தூதரகத்துக்குத் தாமதமின்றித் தகவல் தர வேண்டும் என்பதே விதி. கேட்காமலே தெரிவிக்க வேண்டும் என்பது சில நாடுகளுக்கு இடையிலான தனி ஒப்பந்தங்களில் மட்டும்தான் இருக்கிறது. உரிமை இருப்பதே தெரியாத ஒருவர் எதைக் கேட்பார்?

லாக்ரான்ட் சகோதரர்களின் கதை இதற்குச் சாட்சி. ஜெர்மன் குடிமக்களான இருவரும் 1982ல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் கைதானார்கள். மரண தண்டனை விதிக்கப்பட்டது. ஜெர்மன் தூதரகத்துக்கு இது தெரிந்தது 1992ல். அதுவும் அந்தச் சகோதரர்கள் வழியாகவே. 1999ல் இருவருக்கும் தண்டனை நிறைவேற்றப்பட்டது. 2001ல் சர்வதேச நீதிமன்றம், இது நாடுகளுக்கு இடையிலான மரியாதை விஷயம் மட்டுமல்ல, கைதானவருக்கே உரிய தனிமனித உரிமை என்று தீர்ப்பளித்தது. 2004ல் மெக்சிகோ தொடுத்த அவேனா வழக்கில் இன்னும் தெளிவாக்கியது: கைதானவர் வெளிநாட்டவர் என்று தெரிந்ததுமே, அல்லது அப்படி நினைக்கக் காரணம் இருந்தாலே, அவருக்கு உரிமையைச் சொல்ல வேண்டும்.

அதனால் காத்திருக்காதீர்கள். காவல் நிலையங்கள், சிறைகள், குடிவரவுத் தடுப்பு முகாம்கள் ஆகியவற்றோடு வழக்கு இல்லாத நாட்களிலேயே பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். குடும்பமோ நண்பரோ சொல்லித் தெரிந்தாலும் கைதானவரைச் சந்திக்க எழுத்தில் உடனே அனுமதி கேளுங்கள். "இது தேசப் பாதுகாப்பு வழக்கு, அனுமதி இல்லை" என்று சொன்னால் சரி என்று திரும்பி வராதீர்கள். பாகிஸ்தான் உளவுக் குற்றம் சாட்டிச் சிறைவைத்த இந்தியரான குல்பூஷன் ஜாதவ் தொடர்பாக இந்தியா பாகிஸ்தான்மீது தொடுத்த வழக்கில், உளவுக் குற்றச்சாட்டு என்பதால் 36ஆம் பிரிவு பொருந்தாமல் போகாது என்று அதே நீதிமன்றம் 2019ல் சொல்லியிருக்கிறது. கைதாகி மூன்று வாரம் கழித்துத் தகவல் தந்ததும் மீறல்தான் என்றது.

இனி, முதல் சந்திப்பு. அங்கே செய்யக் கூடாத முதல் காரியம், "நீங்கள் இதைச் செய்தீர்களா?" என்று கேட்பது. அந்த அறையில் காவலர் நிற்கலாம், பேச்சு காதில் விழலாம். அந்தக் கேள்வி வழக்கறிஞருக்கு உரியது. அதன் பதில் நமக்குத் தேவையும் இல்லை. உடம்பு எப்படி இருக்கிறது, தினமும் சாப்பிட வேண்டிய மாத்திரை கிடைக்கிறதா, மொழிபெயர்ப்பாளர் இருந்தாரா, புரியாத மொழியில் எதிலாவது கையெழுத்துப் போட்டாரா, வழக்கறிஞர் உண்டா, யாருக்குச் சொல்லலாம், யாருக்குச் சொல்லக் கூடாது என்பவற்றைக் கேளுங்கள். வழக்கறிஞர் வேண்டுமென்றால் பட்டியலைக் கொடுங்கள். ஒரே ஒரு பெயரை நீட்டாதீர்கள். வழக்கு தோற்றால் அந்தப் பரிந்துரை தூதரகத்தின் தலையில் விழும். அதைவிட முக்கியம், தேர்வு அவருடையது.

அடித்தார்கள் என்று ஒருவர் சொன்னால், கோபத்தில் அப்போதே சிறை அதிகாரியிடம் போய்க் கேட்டுவிடத் தோன்றும். நியாயமான கோபம்தான். ஆனால் நாம் கேட்டுவிட்டு வெளியே வந்துவிடுவோம். அன்று இரவு அதே அறையில் இருக்கப்போவது அவர். முதலில் அவர் சொன்னதை அவருடைய வார்த்தைகளிலேயே தேதியோடு எழுதுங்கள். காயம் தெரிந்தால் எங்கே, எப்படி என்று குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவப் பரிசோதனை வேண்டுமா, புகார் கொடுக்கலாமா, இப்போதா, வேறு சிறைக்கு மாற்றப்பட்ட பிறகா என்று கேளுங்கள். சித்திரவதையை ஆவணப்படுத்துவதற்கான சர்வதேச வழிகாட்டியான இஸ்தான்புல் நெறிமுறையும் பாதிக்கப்பட்டவரின் சம்மதத்தை அடிப்படையாக வைக்கிறது. தமக்கு உதவியே வேண்டாம் என்று அவர் வெளிப்படையாகச் சொன்னால், அவர் சார்பில் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று 36ஆம் பிரிவே சொல்கிறது. ஆனால் மறுத்தது உண்மையிலேயே அவர்தானா என்பதை அவர் வாயாலேயே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். காவலர் கொண்டுவந்து நீட்டும் கையெழுத்துத் தாள் போதாது.

அழைப்பவரை நம்பிவிடுவது

"நான் அவளுடைய கணவன், எங்கே இருக்கிறாள் என்று மட்டும் சொல்லுங்கள்" என்று ஒருவர் கெஞ்சுகிறார். அவர் கணவராகவே இருக்கலாம். அவருக்குப் பயந்துதான் அந்தப் பெண் ஓடிவந்தாள் என்பதும் உண்மையாக இருக்கலாம். வயதுவந்த ஒருவரைப் பற்றிய தகவல் அவருடைய சம்மதம் இல்லாமல் தாய்க்கும் தந்தைக்கும்கூடப் போகக் கூடாது. காணாமல் போனதாகத் தேடப்படுபவர் நலமாக இருந்து, "என்னைப் பற்றிச் சொல்லாதீர்கள்" என்றால் அதற்குக் கட்டுப்பட வேண்டும். எந்த ஊரில் இருக்கிறார் என்ற குறிப்புகூட வாய்தவறி வந்துவிடக் கூடாது. தேடும் பெற்றோரின் வேதனை பெரிது, மறுக்கவில்லை. அவர்கள் எழுதும் கடிதத்தை வாங்கிக் கொடுக்கலாமா என்று தேடப்படுபவரிடம் கேட்கலாம். அதற்கு மேல் நம் கையில் இல்லை.

கட்டாயத் திருமணம், வீட்டு வன்முறை, ஆட்கடத்தல் வழக்குகளில் ஆபத்து இன்னும் அருகில் இருக்கிறது. உதவி கேட்டவரை நாமாகத் திருப்பி அழைத்தால் அந்தப் பக்கம் யார் எடுப்பார் என்று தெரியாது. எந்த எண்ணில், எந்த நேரத்தில் பேசலாம் என்று முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் யாராவது இருந்தால் ஆம், இல்லை என்று மட்டும் பதில் சொல்லும்படி கேள்விகளை அமைத்துக்கொள்ளுங்கள். வீட்டுவேலைக்குப் போன பெண்ணின் பாஸ்போர்ட்டை முதலாளி பிடுங்கி வைத்துக்கொண்டார் என்றால், முதலாளியைக் கூப்பிட்டுச் சுமுகமாகப் பேசி வாங்கிவிடலாம் என்று தோன்றும். அந்தப் பெண் இன்னும் அந்த வீட்டுக்குள்தான் இருக்கிறாள் என்றால், அந்த அழைப்பு அவளைக் காட்டிக்கொடுப்பதற்குச் சமம். அவள் பாதுகாப்பாக வெளியே வருவது முதலில், பாஸ்போர்ட் அப்புறம். அதற்குப் பதிலாகப் பயண ஆவணம் நம்மாலேயே கொடுக்க முடியும்.

அப்புறம், ஊடகம். சத்தம் போட்டால்தான் வேலை நடக்கும் என்று குடும்பம் நம்பும். வெளியே தெரிந்தால் கெட்டுவிடும் என்று தலைமையகம் நினைக்கும். சில வழக்குகளில் சத்தம் உதவியிருக்கிறது, சிலவற்றில் கதவை அடைத்திருக்கிறது. சாத்தியமான விளைவுகளைச் சொல்லலாமே தவிர, பேசாதே என்று குடும்பத்தை மிரட்டும் வேலை நம்முடையதல்ல. சிறையில் இருப்பவரின் விருப்பத்தைக் கேட்டு வந்து சொல்ல முடிந்தால் அதுவே பெரிய உதவி.

மரணச் செய்தியில் அவசரம்

இந்தப் பணியில் திருத்தவே முடியாத தவறுகள் இங்கேதான் நடக்கின்றன. உடலோடு பாஸ்போர்ட் இருந்தது, அதனால் இவர்தான் என்று குடும்பத்துக்குச் சொல்லிவிடுவது ஒன்று. பெரிய விபத்துகளில் பைகளும் ஆவணங்களும் இடம் மாறிக் கிடக்கும். முகத்தைப் பார்த்து அடையாளம் சொல்வதையே போதுமானதாக இன்டர்போல் ஏற்பதில்லை. கைரேகை, பல் பதிவு, டிஎன்ஏ ஆகிய மூன்றையும்தான் முதன்மை அடையாளங்களாக அதன் பேரிடர் அடையாள நெறிமுறை வைக்கிறது. இதற்கு நாளாகும். தாமதத்தைப் பொறுக்காமல் குடும்பம் திட்டினாலும், உறுதியாகாத செய்தியைச் சொல்லாதீர்கள்.

சொல்லும்போது முடிந்தவரை நேரில் சொல்ல ஏற்பாடு செய்யுங்கள். பல நாடுகளில் குடும்பம் வசிக்கும் ஊரின் காவல்துறை இதைச் செய்கிறது. "இறந்துவிட்டார்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். சுற்றி வளைத்துச் சொன்னால், இன்னும் உயிர் இருக்கிறது என்றே கேட்பவர் மனம் பிடித்துக்கொள்ளும்.

அடுத்து உடலைக் கொண்டுவருவதா, அங்கேயே அடக்கம் செய்வதா, தகனம் செய்து சாம்பலைக் கொண்டுவருவதா என்ற கேள்வி. தகனம் செலவு குறைந்த வழி என்று சொல்லிக் குடும்பத்தை அந்தப் பக்கம் தள்ளிவிடுவதைப் பார்க்கிறோம். இறப்பில் சந்தேகம் இருந்தால் தகனத்துக்குப் பிறகு இரண்டாவது போஸ்ட்மார்ட்டத்துக்கு வழியே கிடையாது. உடல் கெடாமல் இருக்க மருந்து ஏற்றும் எம்பாமிங்கும் நச்சுப் பரிசோதனையைக் குழப்பிவிடக்கூடும். இதைச் சொல்லிவிட்டு முடிவை அவர்களிடம் விடுங்கள். சர்வதேசப் போக்குவரத்துக்கு இறப்புச் சான்று, உடல் கொண்டுசெல்லும் அனுமதி, மூடி முத்திரையிட்ட பெட்டி என்று நிறைய வேண்டியிருக்கும். விசாரணை அதிகாரி உடலை விடுவிக்கும்வரை இவை எதுவும் நகராது. ஆகவே தேதி சொல்லாதீர்கள். நாம் சொன்ன தேதியை நம்பி அங்கே உறவுகளுக்குச் சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

ஆவணங்கள், இரட்டைக் குடியுரிமை, குழந்தைகள்

தொலைந்த பாஸ்போர்ட் மறுநாள் சோபாவுக்கு அடியில் கிடைத்துவிட்டது, அதிலேயே பயணம் செய்யலாமா என்று கேட்பார்கள். தொலைந்ததாகப் பதிவு செய்து ரத்தாகிவிட்டால் கூடாது. தொலைந்த, திருடுபோன ஆவணங்களின் தரவுத்தளத்தை இன்டர்போல் 2002 முதல் வைத்திருக்கிறது. எல்லையில் அது சிக்கிக்கொள்ளும். அவசரப் பயணச் சான்று கொடுக்கும்போதும், வழியில் விமானம் மாறும் நாடு அதை ஏற்குமா, வெளியேற அனுமதி முத்திரை தேவையா என்று பார்க்காமல் கொடுத்தால், அவர் விமான நிலையத்திலிருந்து திரும்பி வந்து நிற்பார்.

இரட்டைக் குடியுரிமை உள்ளவர் தம்முடைய இன்னொரு நாட்டிலேயே கைதானால் நிலைமை வேறு. அந்த நாட்டுக்கு எதிராக அவருக்குத் தூதரகப் பாதுகாப்புத் தர முடியாது என்ற பழைய விதி, குடியுரிமை பற்றிய 1930 ஹேக் உடன்படிக்கையின் 4ஆம் பிரிவில் இருக்கிறது. வழக்கம்போல் சந்திப்போம் என்று வாக்குக் கொடுப்பதும் தவறு, முடியாது என்று கோப்பை மூடுவதும் தவறு. கேட்டுப் பார்ப்பதை எந்த விதியும் தடுக்கவில்லை. எந்த பாஸ்போர்ட்டில் நுழைந்தார் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒரு பெற்றோர் குழந்தையை வேறு நாட்டுக்குத் தூக்கிப்போன வழக்கில், "முதலில் பேசிப் பாருங்களேன்" என்று சொல்லி அனுப்புவது பெரிய கேடு. இப்படிக் கொண்டுபோகப்பட்ட குழந்தைகளைத் திருப்பி அனுப்புவது பற்றிய 1980 ஹேக் உடன்படிக்கை 16 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குப் பொருந்தும். ஓராண்டுக்குள் வழக்குத் தொடங்கினால் திருப்பி அனுப்புவதே பொது விதி. அது கடந்தால், குழந்தை புதிய இடத்தில் வேரூன்றிவிட்டது என்ற வாதத்துக்கு இடம் வந்துவிடும். இரண்டு நாடுகளுமே அந்த உடன்படிக்கையில் இருக்கின்றனவா என்று அன்றே பார்த்துச் சொல்லுங்கள். பேச்சுவார்த்தை கூடவே நடக்கட்டும்.

கோப்பு

கடைசியாக, எழுதி வைப்பது. "குடும்பம் ஒத்துழைக்கவில்லை" என்பது குறிப்பல்ல, எரிச்சல். யார், எப்போது, என்ன சொன்னார், என்ன சம்மதம் கொடுத்தார், யாருக்குச் சொல்லக் கூடாது என்றார், அடுத்த வேலை எந்தத் தேதியில் என்று எழுதுங்கள். இரவுப் பணியில் இருப்பவர் அதைப் படித்துவிட்டு உடனே பேசும்படி இருக்க வேண்டும். தூதரக அலுவலர் சில ஆண்டுகளில் இடம் மாறிவிடுவார்; நீண்ட தண்டனை பெற்றவர் அதே சிறையில்தான் இருப்பார். புதிதாக வரும் ஒவ்வொருவரிடமும் அவர் தன் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருப்பது கொடுமை. பொறுப்பை ஒப்படைக்கும் முன், புதியவரையும் கூட்டிக்கொண்டு ஒருமுறை சிறைக்குப் போய் நேரில் அறிமுகம் செய்து வைக்க நேரம் ஒதுக்குங்கள்.