விழுகிற பல்தானே என்று விடாதீர்கள்

மும்பை தாராவியின் 90 அடி சாலைப் பக்கம் ஒரு பிள்ளை சொத்தைப் பல் வலியில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுதால், வீட்டுப் பெரியவர்கள் சொல்வது ஒன்றுதான்: "விழுற பல்லுதானே, விடு." மற்ற தவறெல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கிறது. கடைவாயில் இருக்கும் பால் பற்கள் பத்து, பதினொரு வயது வரை நிற்க வேண்டியவை. முன்னாலேயே பிடுங்கினால் பக்கத்துப் பல் சாய்ந்து இடத்தை அடைத்துக்கொள்ளும், புதுப் பல் கோணலாக வரும். ஆறு வயதில் பால் பற்களுக்குப் பின்னால் முளைக்கும் கடைவாய்ப்பல்லோ பால் பல்லே அல்ல. எதுவும் விழாமல் வருவதால் பல அம்மாக்கள் கவனிப்பதில்லை. அது போனால் மறுபடி முளைக்காது.

வலி வரட்டும் என்று காத்திருப்பது அடுத்த தவறு. வலிக்கு முன்பே போனால் சில்வர் டையமைன் ஃபுளோரைடு என்ற மருந்தைத் தடவியே பெரும்பாலும் சொத்தையை நிறுத்திவிடலாம். துளைப்பதில்லை, ஊசி இல்லை, செலவும் குறைவு. பல்லைத் துடைத்து உலர்த்தி ஒரு நிமிடம் தடவுவார்கள். வெள்ளி கிருமியைக் கொல்லும், ஃபுளோரைடு பல்லை இறுக்கும். உலக சுகாதார நிறுவனம் 2021இல் இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது.

ஆனால் சொத்தை இருந்த இடம் கறுத்துவிடும். இங்கேதான் பலர் பயந்து பாதியில் நின்றுவிடுகிறார்கள். கறுப்பு, மருந்து பிடித்ததன் அடையாளம். நல்ல பல் கறுக்காது. பெண் பிள்ளைக்கு முன்பல் கறுத்தால் என்ன செய்வது என்ற கவலை எனக்கும் புரிகிறது, அதைச் சின்ன விஷயம் என்று சொல்லமாட்டேன். மேலே பல் நிறச் சிமெண்ட் வைக்க முடியுமா என்று டாக்டரிடம் முதலிலேயே கேளுங்கள். ஒரு தடவையோடு விடவும் கூடாது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை தடவ வேண்டும். வெள்ளி ஒவ்வாமை இருந்தால் இந்த மருந்து ஆகாது. ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கும் வலி, ஈறில் சீழ் இருந்தால் இது போதாது. முகம் வீங்கிக் காய்ச்சலும் சேர்ந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

வலிக்கு ஈறில் ஆஸ்பிரின் மாத்திரையை வைக்காதீர்கள், புண்ணாகிவிடும். பால் புட்டியோடு தூங்க வைக்காதீர்கள். ஃபுளோரைடு பேஸ்ட் மூன்று வயது வரை அரிசி அளவு, பிறகு பட்டாணி அளவு.

சயானில் ரயில் ஏறினால் சிஎஸ்எம்டி நிலையம் அருகே அரசு பல் மருத்துவக் கல்லூரி. மாஹிமில் ஏறினால் மும்பை சென்ட்ரலில் நாயர் பல் மருத்துவக் கல்லூரி. குழந்தைகள் பிரிவில், துளைக்காமல் மருந்து தடவ முடியுமா என்று நீங்களே கேளுங்கள். ஆஸ்பத்திரியில் தரும் கேஸ் பேப்பரைப் பத்திரமாக வையுங்கள், ஆறு மாதம் கழித்து அதே தாளோடு போக வேண்டும்.