நாய்க்குட்டிக்குப் பூச்சியும் வயித்தோட்டமும்: என்ன செய்யோணும், என்ன செய்யக்கூடாது

வயிறு மட்டும் பெருத்து முதுகெலும்பு தெரிய நிக்கிற குட்டியைக் காட்டி "பாருங்கோ நல்லா சாப்பிடுது, தொந்தி வச்சிட்டுது" எண்டு சந்தோசமாச் சொல்லுற ஆக்கள் எங்கட பக்கம் நிறையப் பேர். அநேகமா அது சாப்பிட்ட வயிறு இல்ல, பூச்சி வயிறு. பிறகு ஒரு நாள் வயித்தால போகத் தொடங்கும், பார்மசிக்கு ஓடிப்போய் ஒரு குளிசை வாங்கிக் குடுத்திட்டு, பூச்சி விழுந்ததைக் கண்டவுடன விசயம் முடிஞ்சுது எண்டு விட்டிடுவினம். குட்டியள் சாகிறதுக்கு இந்த "ஒருக்கா குடுத்தாச்சு" எண்ட நினைப்பு ஒரு பெரிய காரணம், அதால முதல்ல அதையே சொல்லுறன்.

குட்டிக்குப் பூச்சி வெளியில இருந்து வாறதுக்கு முதலே தாயிட்ட இருந்து வந்திடும். உருண்டைப் புழுவின்ர குஞ்சுகள் தாயின்ர தசைக்குள்ள சும்மா கிடந்து, அது சினைப்பட்ட பிறகு எழும்பி வயித்துக்குள்ள இருக்கிற குட்டிக்கே போயிடும், கொக்கிப் புழு பாலோட போகும். நாங்கள் குடுக்கிற மருந்து குடலுக்குள்ள இருக்கிற பெரிய புழுவைத்தான் கொல்லும், ஈரல் நுரையீரல் எண்டு சுத்திக்கொண்டு திரியிற குஞ்சுகளை ஒண்டும் செய்யாது, அதுகள் கொஞ்ச நாளில குடலுக்கு வந்து வளந்திடும். அதாலதான் 2, 4, 6, 8 கிழமை வயசில ஒவ்வொருக்காவும் குடுக்கச் சொல்லுறது, பிறகு 6 மாசம் மட்டும் மாசத்துக்கு ஒருக்கா, அதுக்குப் பிறகு 3 மாசத்துக்கு ஒருக்கா. பால் குடுக்கிற தாய்க்கும் அதே நேரத்தில குடுங்கோ, அதை எல்லாரும் மறக்கிறது.

மருந்து வாங்க முதல் குட்டியை நிறுத்துப் பாருங்கோ. குட்டியைத் தூக்கிக்கொண்டு தராசில ஏறி, பிறகு தனிய ஏறிக் கழிச்சா ஓரளவு சரியா வரும், மிச்சம் சின்னக் குட்டியெண்டா குசினித் தராசே காணும். சின்னக் குட்டியளுக்கு வழமையா பைரண்டெல் பாணி குடுப்பினம், ஃபென்பெண்டசோல் எண்டா கிலோவுக்கு 50 மில்லிகிராம் படி மூண்டு நாள் தொடர்ந்து. போத்தலுக்குப் போத்தல் செறிவு மாறும், அதால எத்தினை மில்லி எண்டதை மிருக வைத்தியரிட்ட எழுதி வாங்குங்கோ. அரிசி மாதிரி வெள்ளைத் துண்டுகள் பின்பக்கத்து மயிரில ஒட்டிக் கிடந்தா அது நாடாப் புழு, அதுக்கு பிராசிகுவாண்டெல் வேணும், மற்ற மருந்து சரிவராது, அதோட தெள்ளையும் ஒழிக்கோணும், ஏனெண்டா குட்டி கடிச்சு விழுங்கிற தெள்ளுக்குள்ளால தான் அது வாறது.

மாட்டுக்கு அடிச்சு மிஞ்சின ஐவர்மெக்டின் ஊசி மருந்தை "ஒரு சொட்டுத்தானே" எண்டு குட்டிக்குக் குடுக்கிறதை தயவுசெய்து விடுங்கோ, மாட்டின்ர பாரத்துக்குச் செய்த செறிவு அது, குட்டிக்கு நரம்பு பாதிச்சு நடுக்கமும் வலிப்பும் வரலாம். அதே மாதிரி உள்ளி. பூச்சிக்கு உள்ளி இடிச்சுக் குடுக்கிற பழக்கம் இருக்கு, ஆனா உள்ளியும் வெங்காயமும் நாயின்ர ரத்தத்தில இருக்கிற சிவப்பணுவை உடைக்கும், கொக்கிப் புழு ஏற்கனவே ரத்தத்தை உறிஞ்சிக்கொண்டிருக்கேக்க நாங்களும் சேந்து இருக்கிற ரத்தத்தைக் குறைச்சா அந்தச் சின்ன உடம்பு எப்பிடித் தாங்கும்?

இப்ப வயித்தோட்டம். முதல் வேலையா வாயைத் திறந்து முரசைப் பாருங்கோ. இளஞ்சிவப்பா ஈரமா இருந்தா அது நல்ல அறிகுறி. வெளிறி வெள்ளையாப் போயிருந்தா கொக்கிப் புழு ரத்தத்தைக் குடிச்சிட்டுது எண்டு எடுங்கோ, பீ தார் மாதிரிக் கறுப்பாப் போறதும் அதுதான், அண்டைக்கே வைத்தியரிட்ட கொண்டு போங்கோ, நாளைக்குப் பாப்பம் எண்டு வைக்காதீங்கோ. பிறகு தோள்மூட்டுக்கு மேல தோலைக் கிள்ளி விடுங்கோ, உடன திரும்பிப் படியாம மெதுவாப் போனா உடம்பில தண்ணி குறைஞ்சிட்டுது.

சத்தியும் வந்து, சாப்பாட்டை மணந்தும் பாக்காம சுருண்டு படுத்து, ரத்தம் கலந்து பொறுக்கேலாத நாத்தத்தோட போனா அது பார்வோவா இருக்கலாம். அது வைரஸ், பூச்சி மருந்துக்கு நிக்காது, சேலைன் ஏத்தி ஆளை நிப்பாட்டிற வைத்தியம்தான். அநேகமா 6 கிழமைக்கும் 6 மாசத்துக்கும் இடைப்பட்ட, தடுப்பூசி ஒழுங்காப் போடாத குட்டியளுக்குத்தான் வாறது, அதால 6 இல்லாட்டி 8 கிழமையில தொடங்கி 3, 4 கிழமைக்கு ஒருக்கா, 16 கிழமை மட்டும் ஊசியை விடாமப் போடுங்கோ. அந்த வைரஸ் மண்ணில மாசக்கணக்கா உயிரோட கிடக்கும், செருப்பிலயும் ஒட்டிக்கொண்டு வரும். சீமெந்துத் தரையெண்டா வடிவாக் கழுவிப்போட்டு, ப்ளீச் 1 பங்குக்கு தண்ணி 30 பங்கு கலந்து ஊத்தி, பத்து நிமிசம் விட்டுக் கழுவுங்கோ.

குட்டி விளையாடிக்கொண்டு, சத்தி இல்லாம, சும்மா இளக்கமா மட்டும் போகுதெண்டா வீட்டில பாக்கலாம். அநேகமா காரணம் சாப்பாடுதான், மாப்பாலும் பசுப்பாலும் கன குட்டியளுக்குச் சமிக்காது, சிலபேர் மீன்குழம்புச் சோத்தை உறைப்போட அப்பிடியே வைப்பினம். பாலை நிப்பாட்டுங்கோ. ஜீவனி (வயித்தோட்டத்துக்குக் கரைச்சுக் குடிக்கிற உப்புச் சீனித் தூள்) ஒரு பக்கெற்றை 1 லீற்றர் ஆறின தண்ணியில கலந்து, கொஞ்சம் கொஞ்சமா அடிக்கடி நக்க விடுங்கோ, மிஞ்சினதை அடுத்த நாள் பாவிக்காதீங்கோ. ஊசி இல்லாத சிரிஞ்சால குடுக்கிறதெண்டா கன்னத்துப் பக்கத்தால மெதுவா, அண்ணாக்க வச்சு ஊத்தினா நுரையீரலுக்குள்ள போயிடும். பெரிய நாய் ஒரு நாள் பட்டினி கிடக்கும், குட்டி கிடக்கேலாது, சீனி இறங்கி மயங்கிப் போயிடும், அதால குழையக் காய்ச்சின சோறும் உப்பு உறைப்பு வெங்காயம் இல்லாம அவிச்ச கோழியும் கையளவு கையளவா நாலைஞ்சு தரம் குடுங்கோ. ஒரு நாளுக்குள்ள குறையேல்லை எண்டா போய்க் காட்டுங்கோ. மனிசர் பாவிக்கிற வயித்தோட்டக் குளிசை வேண்டாம், பனடோலும் வேண்டாம்.

மாட்டாஸ்பத்திரிக்குப் போகேக்க, சின்னத் துண்டு புதுப் பீயை மூடிப் போத்தலில எடுத்துக்கொண்டு போங்கோ. நுணுக்குக்காட்டியில முட்டையைப் பாத்தா எந்தப் புழு எண்டு தெரியும், ஜியார்டியா, கொக்சிடியா மாதிரி கண்ணுக்குத் தெரியாத குடல் கிருமியளும் பிடிபடும், அதுகளுக்கு ஒருக்கா மட்டும் குடுக்கிற வழமையான பூச்சிக் குளிசை கேக்காது. வெயிலில காய்ஞ்சதைக் கொண்டு போய்ப் பிரயோசனம் இல்ல, காலமை போனதை அள்ளி உடன கொண்டு போங்கோ.

கடைசியா வளவு. கொக்கிப் புழுவுக்கு ஈரமான நிழல் மணல்தான் நல்ல இடம், கரையோரப் பக்கம் மணல் முத்தம் வச்சிருக்கிற ஆக்கள் மாரி காலத்தில கூடக் கவனமா இருக்கோணும், முட்டை பொரிச்சு ஒரு கிழமையளவில தோலால ஏறுற பருவத்துக்கு வந்திடும், மனிசருக்கும் ஏறும், காலில வளைஞ்சு வளைஞ்சு போற கடிக்கிற சிவப்புக் கோடு அதுதான். உருண்டைப் புழுவின்ர முட்டை வருசக்கணக்கா மண்ணில கிடக்கும், சின்னப் பிள்ளையளின்ர வாய்க்குள்ள போனா கண் வரைக்கும் பாதிக்கலாம். ஒவ்வொரு நாளும் பீயை அள்ளி, கிணத்துக்கும் மரக்கறிப் பாத்திக்கும் தள்ளி ஆழமாப் புதையுங்கோ, பிள்ளையளைச் செருப்போட விளையாட விடுங்கோ, குட்டியைத் தொட்ட கையைச் சவுக்காரம் போட்டுக் கழுவிப்போட்டுச் சாப்பிடச் சொல்லுங்கோ.