கேப் டவுனிலிருந்து விக்டோரியா அருவி வரை: தெற்கு ஆப்பிரிக்கப் பயணத்துக்கு முதல் முறை கிளம்புகிறவர்களுக்கு

கேப் டவுனில் ஒரு லாரியில் ஏறி, நமீபியா, போட்ஸ்வானா வழியாக ஜிம்பாப்வேயில் விக்டோரியா அருவிக்குப் பக்கத்தில் இறங்குவது. சுமார் 3 வாரம், 5,000 கிலோமீட்டருக்கு மேல், எல்லாமே தரைவழி. தெற்கு ஆப்பிரிக்காவின் பாலைவனத்தையும் காட்டையும் ஒரே மூச்சில் பார்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ஓவர்லேண்ட் டிரக் என்று அங்கே அழைக்கும் இந்த வண்டி வெளியிலிருந்து பார்த்தால்தான் லாரி. உள்ளே பேருந்து மாதிரி இருக்கைகள், அகலமான ஜன்னல்கள், ஆளுக்கொரு பூட்டும் பெட்டி. கூடாரங்கள், அடுப்பு, சமையல் பாத்திரம் எல்லாம் வண்டியோடே வரும். ஓட்டுநரும் வழிகாட்டியும் கடைசி நாள் வரை கூடவே இருப்பார்கள்.

சொந்தமாகக் கார் எடுத்து ஓட்டிப் போகிறவர்களும் உண்டு. முதல் தடவை அது வேண்டாம். நமீபியாவின் சரளைச் சாலைகளில் வண்டி வழுக்கிக் கவிழ்வது சாதாரணமாக நடக்கும், டயர் வெடித்தால் உதவிக்கு அடுத்த வண்டி வர வெகு நேரம் ஆகலாம். அதோடு, ஒரு நல்ல வழிகாட்டி காட்டுகிற பத்து விஷயத்தில் ஒன்பது நம் கண்ணுக்குத் தானாகத் தெரியாது.

படி 1: திசையும் மாதமும்

இதே பாதையில் அருவியில் தொடங்கி கேப் டவுனில் முடிக்கும் பயணங்களும் இருக்கின்றன. நான் தெற்கிலிருந்து வடக்கே போவதைத்தான் சொல்வேன். காரணம் தண்ணீர். முதல் பாதி முழுக்க வறண்ட நிலம். அப்புறம் நமீபியாவின் எட்டோஷா வனவிலங்குப் பூங்காவின் நீர்க்குட்டைகள், அப்புறம் போட்ஸ்வானாவில் ஒகவாங்கோ ஆற்றின் கால்வாய்கள், கடைசியில் அருவி. சில நாள் காய்ந்த மண்ணையே பார்த்து வந்த கண்ணுக்கு ஒரு சின்னக் குட்டைகூட எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். போட்ஸ்வானா நாட்டுப் பணத்தின் பெயர் ‘பூலா’. அவர்கள் மொழியில் அதற்கு மழை என்று பொருள். அருவியைப் பார்த்துவிட்டு வறட்சிக்குள் போனால் இதெல்லாம் மனசில் ஏறாது.

மாதம் என்றால் ஜூலை கடைசியிலிருந்து செப்டம்பர் வரை. நமீபியாவிலும் போட்ஸ்வானாவிலும் அது மழையில்லாத காலம். மற்ற இடமெல்லாம் வற்றிவிடுவதால் விலங்குகள் மீதமிருக்கும் குட்டைகளுக்கு வந்தே ஆக வேண்டும். ஒகவாங்கோவில் மட்டும் நேர்மாறு: அங்கோலா மலைகளில் எப்போதோ பெய்த மழை பல மாதம் ஊர்ந்து வந்து, இந்த வறண்ட காலத்தில்தான் வெள்ளமாக நிறைகிறது. அக்டோபரைத் தவிர்த்துவிடுங்கள். வெயில் 40 டிகிரியைத் தாண்டும், அருவியிலும் தண்ணீர் குறைந்துபோயிருக்கும்.

படி 2: பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

விளம்பரத்தில் எல்லாப் பயணமும் ஒன்று போலத்தான் தெரியும். மின்னஞ்சலில் இரண்டே கேள்வி கேட்டால் வித்தியாசம் வெளியே வந்துவிடும்.

முதல் கேள்வி: நமீப் பாலைவனத்தின் செஸ்ரீமில் தங்குவது பூங்கா வாசலுக்கு உள்ளேயா, வெளியேயா? சோசஸ்ஃப்லே மணற்குன்றுகளுக்குப் போகும் பாதைக்கு ஒரு உள்வாசல் உண்டு. உள்ளே தங்குகிறவர்களுக்கு அது சூரிய உதயத்துக்கு முன்பே திறக்கும். வெளியே தங்கினால் உதயத்துக்குப் பிறகுதான் நுழைய முடியும், குன்றின் மேல் இருந்து சூரியன் எழுவதைப் பார்க்க முடியாது. இரண்டாவது: எட்டோஷாவில் இரவு தங்குவது பூங்காவுக்குள்ளா? பூங்கா வாசல் சூரியன் மறையும்போது மூடிவிடும். உள்ளே தங்கினால்தான் இரவில் நீர்க்குட்டைக்கு வரும் விலங்குகளைப் பார்க்க முடியும். இரண்டுக்கும் ‘உள்ளே’ என்று பதில் வந்தால் விலை கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் அதையே எடுங்கள்.

அப்புறம் பூங்காக் கட்டணம், படகுச் சவாரி எல்லாம் விலையில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சில நிறுவனங்கள் தொகையில் ஒரு பகுதியை முதல் நாள் ரொக்கமாக வாங்கும், அதையும் கூட்டித்தான் ஒப்பிட வேண்டும். சைவம் என்றால் இப்போதே எழுத்தில் சொல்லிவிடுங்கள். அங்கே இறைச்சியைக் கனலில் சுடும் ‘பிராய்’தான் பெரிய விருந்து. கூடவே வரும் ‘பாப்’ மக்காச்சோள மாவில் கிண்டியது, நம் களிக்கு நெருங்கிய சொந்தம். சைவக்காரருக்கும் வயிறு நிறையும்.

படி 3: விசா, தடுப்பூசி, பணம்

இந்தியக் கடவுச்சீட்டுக்குத் தென்னாப்பிரிக்க விசா முன்கூட்டியே வாங்கியாக வேண்டும். அதை முதலில் முடித்துவிட்டு மற்றதைப் பாருங்கள். நமீபியா, போட்ஸ்வானா, ஜிம்பாப்வே விதிகள் அடிக்கடி மாறுகின்றன, டிக்கெட் போடும் வாரத்தில் அந்தந்தத் தூதரகத் தளத்தில் பார்ப்பதுதான் சரி. ஊர் திரும்பும்போது மறுபடி தென்னாப்பிரிக்காவுக்குள் நுழையும் திட்டம் இருந்தால் ஒருமுறை நுழைவு விசா போதாது. நான்கு நாட்டு முத்திரைகள் விழும் என்பதால் கடவுச்சீட்டில் ஆறு வெற்றுப் பக்கமாவது இருக்கட்டும்.

விமானம் அடிஸ் அபாபா அல்லது நைரோபி வழியாகப் போனால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கேட்கப்படலாம், இந்தியா திரும்பும்போதும் கேட்கலாம். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்று செல்லும். மலேரியா, கேப் டவுனிலும் நமீப் பாலைவனத்திலும் கிடையாது. எட்டோஷாவிலிருந்து வடக்கே, ஒகவாங்கோ, போட்ஸ்வானாவின் சோபே பூங்கா, அருவி எல்லாம் மலேரியா பகுதி. மருத்துவரிடம் பாதையைக் காட்டித் தடுப்பு மாத்திரை கேளுங்கள்.

பணத்தில் ஒரு சூட்சுமம்: நமீபிய டாலரும் தென்னாப்பிரிக்க ராண்டும் மதிப்பில் ஒன்றுக்கு ஒன்று. ராண்ட் நமீபியாவில் செல்லும், நமீபிய டாலர் தென்னாப்பிரிக்காவில் செல்லாது. ஆகவே ராண்டாக வைத்துக்கொள்ளுங்கள். ஜிம்பாப்வேக்கு அமெரிக்க டாலர், அதுவும் 1, 5, 10 என்று சின்ன நோட்டுகள். சில்லறை கிடைப்பது கஷ்டம்.

படி 4: பையைக் கட்டுவது

பெரிய சக்கரப் பெட்டி வேண்டாம், லாரியின் பெட்டிக்குள் நுழையாது. மடங்கும் துணிப்பை போதும். ஆப்பிரிக்கா என்றால் வெயில் என்று நினைத்துக்கொண்டு நான் ஒரே ஒரு ஸ்வெட்டரோடு ஜூலையில் போனேன். பாலைவனத்தில் அதிகாலைக் குளிர் எலும்பு வரை இறங்கியது. கம்பளித் தொப்பி, கையுறை, நல்ல தூக்கப்பை மூன்றும் கட்டாயம். நெற்றியில் மாட்டும் டார்ச், இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில், மண் நிறத்தில் உடைகள்.

கேமராவுக்குச் செலவழிக்கும் பணத்தில் ஒரு பங்கை இருகண்நோக்கிக்கு (பைனாகுலர்) ஒதுக்குங்கள். குடும்பத்தில் ஆளுக்கு ஒன்று இருந்தாலும் தப்பில்லை, சிறுத்தை தெரியும் நேரத்தில் கை மாற்றிக்கொண்டிருக்க முடியாது. இன்னொன்று: நம் வீட்டு 15 ஆம்பியர் மூன்று முள் பிளக் தென்னாப்பிரிக்காவிலும் நமீபியாவிலும் அப்படியே பொருந்தும். அதில் ஒரு நீட்டிப்புப் பெட்டியை எடுத்துப் போனால் கூடாரத் திடலில் எல்லோரும் உங்களைத் தேடி வருவார்கள்.

படி 5: பாலைவன நாட்கள்

ஆரஞ்சு ஆற்றைக் கடந்தால் நமீபியா. முதல் பெரிய நிறுத்தம் ஃபிஷ் ரிவர் பள்ளத்தாக்கு: 160 கிலோமீட்டர் நீளம், சில இடங்களில் 550 மீட்டர் ஆழம். மாலை வெளிச்சத்தில் பாருங்கள், உச்சி வெயிலில் அது தட்டையாகத் தெரியும்.

அடுத்தது செஸ்ரீம். ‘ஆறு வார்’ என்று பொருள். அங்கிருக்கும் குறுகிய பள்ளத்தில் தண்ணீர் மொள்ள, பழைய மாட்டுவண்டிப் பயணிகள் ஆறு தோல் வார்களை முடிந்து வாளி இறக்கினார்களாம். ஊர்ப் பெயரிலேயே தண்ணீரின் ஆழம்.

விடியும் முன் கிளம்பி, வாசலிலிருந்து 45-ஆவது கிலோமீட்டரில் நிற்கும் ‘டூன் 45’ குன்றில் ஏறுவீர்கள். ஏறும் முறை இதுதான்: முகட்டின் கூரிய விளிம்பிலேயே நடங்கள், பக்கச் சரிவில் கால் வைத்தால் ஒரு அடிக்கு அரை அடி கீழே இழுக்கும். முன்னால் போகிறவரின் காலடித் தடத்திலேயே உங்கள் காலையும் வையுங்கள், அங்கே மணல் அமுங்கி இறுகியிருக்கும். அந்த நேரத்து மணல் சில்லென்று இருக்கும். வெறுங்காலில் ஏறினால் விரலிடுக்கில் பச்சரிசி மாவு போல நழுவும். முதலில் சாம்பல் நிறமாகத்தான் தெரியும். சூரியன் தலை காட்டியதும் ஒரு பக்கம் மட்டும் ஆரஞ்சாகிறது, மறுபக்கம் கறுப்பாகவே நிற்கிறது, நீங்கள் உட்கார்ந்திருக்கும் முகடு இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு. மணலில் இருக்கும் இரும்பு துருவேறித்தான் இந்தச் சிவப்பு.

அங்கிருந்து டெட்ஃப்லே. வெள்ளைக் களிமண் தரை, அதில் பல நூறு ஆண்டுகளுக்கு முன் செத்துப்போன மரங்கள் கறுத்து நிற்கின்றன. நம் கருவேலத்துக்கு உறவான மரம்தான் அது. ஆறு வந்த வழியை மணல் அடைத்துவிட்டதால் வேருக்குத் தண்ணீர் இல்லாமல் போனது. மட்கிப்போகக்கூட ஈரம் இல்லாததால் இன்னும் விழாமல் நிற்கின்றன. மரங்களைத் தொடாதீர்கள், சாயாதீர்கள். பத்து மணிக்குள் திரும்பிவிடுங்கள்.

கடலோர ஸ்வாகோப்முண்டில் துணி துவைத்து, கடையில் சாமான் வாங்கிக்கொள்ளலாம். காலையில் ஊரே பனிமூட்டத்தில் மறைந்திருக்கும். குளிர்ந்த பெங்குவேலா கடல் நீரோட்டம் மழையைத் தராமல் மூடுபனியை மட்டும் அனுப்புகிறது. அந்தப் பனியில் மணல் முகட்டில் தலைகீழாக நின்று, முதுகில் படியும் துளி வாய்க்கு வழியும் வரை காத்திருக்கும் ஒரு வண்டு இந்தப் பாலைவனத்தில் இருக்கிறது.

படி 6: எட்டோஷாவில் உட்காரக் கற்றுக்கொள்வது

எட்டோஷா நடுவே சுமார் 4,800 சதுர கிலோமீட்டருக்கு ஒரு உப்புப் படுகை, வெள்ளையாக, காலியாக. அதன் ஓரத்து ஊற்றுகளில்தான் உயிர்கள் எல்லாம். பகலில் வண்டியை விட்டு இறங்கக் கூடாது. இங்கே புதியவர்கள் செய்யும் தவறு ஒன்றுதான்: ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு அடுத்த குட்டைக்குப் போகலாம் என்று வழிகாட்டியை அவசரப்படுத்துவது. காலியான குட்டையிலும் அரை மணி நேரம் இருங்கள். முதலில் ஸ்பிரிங்பாக் மான்கள் வரும். வரிக்குதிரைகள் தூரத்திலேயே நின்று, ஒன்று மட்டும் முன்னால் வந்து பார்க்கும். எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் திரும்பினால் நீங்களும் அந்தப் பக்கம் பாருங்கள்.

இரவில் ஒகாகுயோ முகாமின் குட்டைக்குப் போங்கள். தாழ்ந்த சுவர், அதற்கு இந்தப் பக்கம் இருக்கைகள், அந்தப் பக்கம் மங்கலான விளக்கில் தண்ணீர். நான் போன இரவு ஒன்பது மணி வரை எதுவுமில்லை, பலர் எழுந்து போய்விட்டார்கள். அப்புறம் கல் உருளும் சத்தம். ஒரு கறுப்பு காண்டாமிருகம் நாலடி வைக்கும், நிற்கும், காதை மட்டும் திருப்பும், மறுபடி நாலடி. அது தண்ணீரில் வாய் வைத்து உறிஞ்சும் சத்தம் நாங்கள் இருந்த இடத்துக்குத் தெளிவாகக் கேட்டது. பின்னால் ஒரு குட்டி. யாரும் கேமராவை எடுக்கவில்லை. கம்பளி எடுத்துப் போங்கள், பேசாதீர்கள், அவ்வளவுதான்.

படி 7: வேலி, ஓடம், கூடாரம்

போட்ஸ்வானாவில் கோமாரி நோயைத் தடுக்கக் கால்நடை வேலிகள் உண்டு. அவற்றைக் கடக்கும்போது வண்டியின் சக்கரம் மருந்துத் தண்ணீரில் இறங்கி ஏறும், நீங்களும் இறங்கி மருந்து ஊறிய விரிப்பில் மிதித்துவிட்டு நடக்க வேண்டும். பைக்குள் இருக்கும் செருப்பையும் சில இடத்தில் கேட்பார்கள், மேலாகவே வையுங்கள்.

மாவுன் ஊரிலிருந்து ஒகவாங்கோ. கடலைச் சேராமல் கலஹாரி மணலிலேயே முடிந்துபோகும் ஆறு இது. 2014-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலின் 1,000-ஆவது இடமாகச் சேர்ந்தது. ‘மொகோரோ’ என்னும் ஒல்லியான ஓடத்தில் இரண்டு பேர் உட்கார, பின்னால் ஒருவர் நின்று கழியால் உந்துவார். ஆடாமல் உட்காருங்கள். தண்ணீர் விளிம்புக்கு நாலு விரல் கீழேதான் இருக்கும், அல்லி இலைகள் முழங்கையில் உரசும். ஓடக்காரர் நீர்யானை இருக்கும் மடுவைச் சுற்றிக்கொண்டு போவார், ஏன் இவ்வளவு சுற்று என்று கேட்க வேண்டாம்.

தீவில் கூடாரம். வேலி கிடையாது. செருப்பை வெளியே விடாதீர்கள், கழுதைப்புலி தூக்கிப் போய்விடும். இரவில் வெளியே போக வேண்டுமென்றால் முதலில் ஜிப்பைக் கொஞ்சம் திறந்து டார்ச்சைச் சுற்றி அடியுங்கள். கண்கள் மின்னினால் ஜிப்பை மூடிவிட்டுக் காத்திருங்கள்.

லாரி முகாம்களில் தட்டைத் துணியால் துடைப்பதில்லை, கிருமி பரவும் என்று. கழுவிய தட்டைக் காற்றில் ஆட்டி உலர்த்த வேண்டும். ‘ஃபிளாப்பிங்’ என்பார்கள். மூன்று வாரம் எல்லோரும் தினம் அதைச் செய்வார்கள்.

படி 8: சோபே, அப்புறம் அருவி

சோபேயில் மாலைப் படகில் போங்கள். யானைக் கூட்டங்கள் நீரில் இறங்கி, குட்டிகளை நடுவில் விட்டு நீந்திக் கடக்கும். படகில் இடது, வலது என்று இடம் பிடிக்க வேண்டாம், அது திரும்பிக்கொண்டேதான் இருக்கும்.

விக்டோரியா அருவிக்கு உள்ளூர்ப் பெயர் மோசி-ஓவா-துன்யா, இடிமுழங்கும் புகை. 1,708 மீட்டர் அகலம், 108 மீட்டர் உயரம். ஜிம்பாப்வே பக்கப் பாதையில் நடந்தால் எதிரே அருவி விழும் சுவர் முழுக்கத் தெரியும். கடவுச்சீட்டையும் ஃபோனையும் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கட்டுங்கள். மழைக்கோட்டு வாசலில் வாடகைக்குக் கிடைக்கும், நான் வாங்கவில்லை. எதிர்ப்பக்கத்திலிருந்து எழும் சாரல் மேலே போய் மழையாகவே திரும்பி விழுகிறது. அந்தப் பாதையில் மரங்களுக்கு இலை காய்வதே இல்லை.