ஊரில் வாடகை வீடு, நீங்கள் வெளியூரில்: போனிலேயே பார்த்துக்கொள்வது எப்படி?

கும்பகோணத்திலோ மாயவரத்திலோ வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்கள் முதலில் கேட்பது, "இதுக்கு எந்த ஆப் நல்லது?" என்றுதான். ஒன்றிரண்டு வீடு வைத்திருப்பவருக்கு ஆப்பே தேவையில்லை என்பேன். கூகுள் ஷீட், வாட்ஸ்அப், யுபிஐ போதும். எதையும் வாய்ப்பேச்சோடு விடாமல் அன்றன்றைக்கே பதிந்துவைத்தால் சரி.

1. ஷீட்

வீட்டுக்கு ஒரு பக்கம். மேலே மின் இணைப்பு எண், சொத்துவரி எண், அட்வான்ஸ், ஒப்பந்தம் முடியும் தேதி. கீழே மாதவாரியாக வரவு, செலவு. செலவில் "பிளம்பர் 400" என்று மட்டும் போடாமல் "கொல்லைக் குழாய், வாஷர்" என்று எழுதுங்கள். அதே குழாய்க்கு மூன்றாவது தடவை ஆள் வந்திருப்பது அப்போதுதான் கண்ணில் படும்.

2. சாவி கொடுக்கும் முன் வீடியோ

இதில் சோம்பல் படாதீர்கள். வாசலில் ஆரம்பித்துக் கொல்லை வரை நிறுத்தாமல் ஒரே வீடியோ: எல்லா ஸ்விட்சையும் போட்டு, குழாய்களைத் திறந்து, மீட்டரில் ஓடும் எண் தெரிகிற மாதிரி. நம் பக்கத்துப் பழைய வீடுகளில் ஓதம் ஏறிப் பூச்சு உதிரும் சுவரின் அடிப்பாகத்தையும், கரையான் பிடிக்கும் நிலை, ஜன்னல் கட்டைகளையும் கிட்டே போய் எடுங்கள். காலி செய்யும்போது அட்வான்ஸில் எவ்வளவு பிடிப்பது என்ற தகராறு பெரும்பாலும் இந்த இரண்டில்தான் கிளம்பும். குடிவருகிறவருக்கும் அனுப்பி, பார்த்தாயிற்று என்று பதில் வாங்கிக்கொள்ளுங்கள். அவருக்கும் அது பாதுகாப்புதான்.

3. ஒப்பந்தம்

"11 மாசம்தானே, பதிவெல்லாம் எதுக்கு?" என்று இன்னமும் சொல்கிறார்கள். 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கும் தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதியவும் வேண்டும். விண்ணப்பத்தை அரசின் இணையதளத்திலேயே போடலாம். வேறு மாதிரி பேசி எழுதிக்கொள்ளாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. வீட்டைப் பார்க்கப் போவதற்கு 24 மணி நேரம் முன்னால் தகவல் சொல்ல வேண்டும். மின்னணு வழியில் சொன்னாலும் செல்லும் என்பதால் வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பிவிடுங்கள். ஊருக்குப் போன கையோடு கதவைத் தட்டுகிற உரிமையெல்லாம் வீட்டுக்காரருக்குக் கிடையாது.

4. வாடகை

அதற்கென்று தனி வங்கிக் கணக்கு, யுபிஐயில் மட்டும் வசூல். கணக்கு விவரமே ரசீது மாதிரி ஆகிவிடும், வருமான வரிக்கும் உதவும். வீட்டுக்காரர் வெளிநாட்டில் குடியிருப்பவர் என்றால் வாடகை கொடுப்பவரே டிடிஎஸ் (வாடகையிலிருந்து முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடித்துக் கட்ட வேண்டியிருக்கும், ஆடிட்டரைக் கேட்டுவிடுங்கள்.

5. கரண்டு பில்

மாடிக்கும் கீழுக்கும் ஒரே இணைப்பு என்றால் சப்மீட்டர் கட்டாயம் வையுங்கள். ரீடிங் எடுக்கும் நாளில் இரு குடித்தனமும் மீட்டரைப் போட்டோ எடுத்து குரூப்பில் போட வேண்டும். இரண்டு மாத மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் கூடுதல் யூனிட்டுக்கு மட்டுமல்ல, அதற்குக் கீழே உள்ள சில யூனிட்டுகளுக்கும் விலை ஏறிவிடும். மாடியில் ஓடும் ஏசிக்குக் கீழ் வீட்டுக்காரர் ஏன் அழ வேண்டும்?

6. மழைக்கு முன்

புரட்டாசி பிறந்ததும் போன் காலண்டர் கூப்பிடும்படி வைத்துவிடுங்கள். மொட்டைமாடித் தண்ணீர் இறங்கும் குழாயில் இலை அடைத்திருக்கிறதா, ஓட்டு வீடானால் உடைந்த ஓடு எத்தனை என்று போட்டோ வாங்குங்கள். ஐப்பசி அடைமழையில் ஓடு மாற்ற ஆள் கிடைக்கமாட்டார்.

அப்புறம் கேமரா. குடித்தனம் இருக்கிற வீட்டுக்குள் வைக்கவே கூடாது, திண்ணையில்கூட வேண்டாம் என்பது என் கருத்து. அந்தக் காசுக்கு உள்ளூரில் நம்பிக்கையான பிளம்பர், எலக்ட்ரீஷியன் இரண்டு பேரைப் பிடித்துவையுங்கள். வேலை முடிந்து, தண்ணீர் கொட்டுகிற குழாயின் வீடியோ வந்தவுடனே பணத்தை அனுப்பிவிடுங்கள். நாளைக்கு, நாளன்றைக்கு என்று இழுத்தால் அடுத்த தடவை போனையே எடுக்கமாட்டார்கள்.