சிஎன்சி மெஷினில் அளவு தப்பினால் உடனே ஸ்டெப்ஸ் எண்ணில் கை வைக்காதீர்கள்

வீட்டில் கட்டிய சிஎன்சி மெஷினில் (கணினி சொல்லும் பாதையில் தானாக வெட்டும் இயந்திரம்) 100 மில்லிமீட்டர் சதுரம் ஒன்று வெட்டி, காலிபர் வைத்துப் பார்த்தால் 99.7 காட்டுகிறது. உடனே பெரும்பாலானோர் செய்வது, மெஷினை ஓட்டும் ஜிஆர்பிஎல் மென்பொருளில் $100 வரியைத் திறந்து, ஒரு மில்லி நகர மோட்டார் இத்தனை ஸ்டெப் (சிறு அசைவு) எடுக்க வேண்டும் என்ற எண்ணைக் கொஞ்சம் ஏற்றிவிடுவது. 400 இருந்த இடத்தில் 401.2. அடுத்த சதுரம் கச்சிதமாக 100 வரும், சந்தோஷமாகவும் இருக்கும். அப்புறம் 300 மில்லிக்கு ஒரு துண்டு வெட்டினால் அது 300.6 வந்து நிற்கும்.

இங்கே மெஷின் முதலிலிருந்தே சரியாகத்தான் நகர்ந்தது. 6 மில்லி என்று வாங்கிய எண்ட் மில் (வெட்டும் பிட்), அதைப் பிடித்திருக்கும் காலெட்டில் லேசாக ஆடி 6.3 அகலத்துக்கு வெட்டியிருக்கிறது, அதனால் ஒவ்வொரு பக்கமும் 0.15 கூடுதலாகத் தின்றுவிட்டது. இந்த 0.3 குறைவு 50 மில்லி துண்டிலும் 0.3தான், 500 மில்லி துண்டிலும் 0.3தான். நீளத்தோடு சம்பந்தமே இல்லாத பிழையை நீளத்தோடு வளரும் எண்ணால் சரிசெய்தால், ஒரே ஒரு அளவுக்கு மட்டும் சரியாக வரும் மெஷின்தான் கிடைக்கும்.

அதனால் எதையும் மாற்றுவதற்கு முன், சின்னதும் பெரியதுமாக இரண்டு அளவு பாருங்கள். 50க்கு 0.05 குறைந்து 300க்கு 0.3 குறைந்தால் அது ஸ்டெப்ஸ் பிரச்சினை. இரண்டிலும் ஒரே அளவு குறைந்தால் கருவி, பேக்லாஷ் (திசை மாறும்போது அச்சு நகராமல் வீணாகும் இடைவெளி), அல்லது வெட்டும்போது ஏதோ வளைகிறது. ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் வேறு வேறு விடை வந்தால் மோட்டார் ஸ்டெப் தவறவிடுகிறது, அல்லது எங்கேயோ ஒரு திருகு லூஸ்.

ஸ்டெப்ஸ் எண்ணைப் பொறுத்தவரை கணக்குப் போட்டு வரும் விடையை முதலில் நம்புங்கள். ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப் மோட்டார், 16 மைக்ரோஸ்டெப் (ஒரு ஸ்டெப்பை மோட்டார் டிரைவர் 16 ஆகப் பிரிப்பது) என்றால் 3200. அதை ஒரு சுற்றில் அச்சு நகரும் தூரத்தால் வகுக்க வேண்டியதுதான். 8 மில்லி லீட் (ஒரு சுற்றில் நட்டு நகரும் தூரம்) உள்ள டி8 ஸ்க்ரூவுக்கு 400, 5 மில்லி லீட் உள்ள 1605 பால் ஸ்க்ரூவுக்கு 640, 20 பல் புல்லியில் ஓடும், பல்லுக்கு 2 மில்லியான ஜிடி2 பெல்ட்டுக்கு 80. சி7 தரப் பால் ஸ்க்ரூவிலேயே 300 மில்லிக்குச் சுமார் 0.05தான் பிழை அனுமதி. ஆகவே பால் ஸ்க்ரூ மெஷினில் 100க்கு 0.3 தப்பினால் ஸ்க்ரூவைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. பெல்ட் வேறு கதை, இறுக்கத்தைப் பொறுத்து அது கொஞ்சம் நீளும், அங்கே சின்னத் திருத்தம் நியாயமே. இரண்டு மடங்கு, நான்கு மடங்கு என்று தப்பினால் மைக்ரோஸ்டெப் ஜம்பரையோ, பிட்சையும் லீடையும் குழப்பிக்கொண்டீர்களா என்பதையோ பாருங்கள் (டி8 ஸ்க்ரூவில் பிட்ச், அதாவது அடுத்தடுத்த மரைகளின் இடைவெளி, 2; லீட் 8). 25.4 மடங்கு என்றால் ஃபைல் அங்குலத்தில் இருக்கிறது, அவ்வளவுதான்.

அளப்பதிலும் ஒரு தவறு உண்டு. வெட்டிய துண்டை அளந்தால் எல்லாப் பிழையும் கலந்து வரும். கூர்முனையுள்ள வி-பிட்டால் X0-வில் ஒரு மெல்லிய கோடு, X300-இல் இன்னொரு கோடு கீறுங்கள். இரண்டு கோட்டுக்கும் பிட் இடப்பக்கத்திலிருந்தே வந்து சேரட்டும், பேக்லாஷ் கணக்கில் வராது. முதல் கோட்டின் இடது ஓரத்திலிருந்து இரண்டாவதன் இடது ஓரம் வரை அளந்தால் பிட்டின் அகலமும் கணக்கில் வராது. மிஞ்சுவது மெஷின் உண்மையில் நகர்ந்த தூரம் மட்டுமே.

பேக்லாஷ் பார்க்க டயல் கேஜ் (நுண்ணிய நகர்வை முள்ளால் காட்டும் அளவி) போதும். ஒரே திசையில் கொஞ்சம் நகர்த்தி, கேஜைப் பூஜ்யமாக்கி, எதிர்த்திசையில் 0.1 நகரச் சொல்லுங்கள். முள் 0.04 மட்டுமே நகர்ந்தால் மீதி 0.06 எங்கோ தொலைகிறது. நட்டை மட்டும் சந்தேகிக்காதீர்கள். மோட்டாரையும் ஸ்க்ரூவையும் இணைக்கும் கப்ளரின் சிறு திருகான கிரப் ஸ்க்ரூவும், ஸ்க்ரூ முனையில் பேரிங் முன்னும் பின்னும் ஆடுவதும் இதே வேலையைச் செய்யும். லினக்ஸ்சிஎன்சி, மாக்3 என்ற சிஎன்சி மென்பொருள்கள் இரண்டிலும் பேக்லாஷ் ஈடுகட்டும் வசதி இருக்கிறது, ஆனால் என் பார்வையில் அது கடைசி வழி. மென்பொருள் எதை ஈடுகட்டினாலும், வெட்டும் விசை அந்த இடைவெளிக்குள் மெஷினை இழுத்துக்கொண்டுதான் இருக்கும்.

ஒரு வட்டம் வெட்டிப் பாருங்கள், நிறையச் சொல்லும். மேல், கீழ், இடம், வலம் என நான்கு இடங்களில் சின்னச் சின்னத் தட்டையோ படியோ தெரிந்தால் பேக்லாஷ், ஏனென்றால் அங்கேதான் அச்சுகள் திசை மாறுகின்றன. X அல்லது Y பக்கமாக நீண்ட முட்டை வடிவம் வந்தால் ஏதாவது ஓர் அச்சின் ஸ்டெப்ஸ் தப்பு. மூலைவாட்டில் நீண்டிருந்தால் கேன்ட்ரி (வெட்டும் தலையைத் தாங்கும் குறுக்குப் பாலம்) செங்கோணத்தில் இல்லை. அதை எந்த $ எண்ணும் சரிசெய்யாது. 300க்கு 400 செவ்வகத்தின் நான்கு மூலைகளிலும் துளையிட்டு இரண்டு மூலைவிட்டங்களையும் அளங்கள், இரண்டும் 500 வர வேண்டும். 400 மில்லியில் 1 மில்லி சாய்ந்திருந்தாலே இரண்டுக்கும் நடுவில் 1.2 மில்லி வித்தியாசம் தெரியும்.

ஸ்டெப் தவறுவதைப் பிடிக்க, பொருள் எதுவும் வைக்காமல் நீளமான ஒரு நிரலைக் காற்றில் ஓட்டி, முடிந்ததும் பூஜ்யத்துக்கு வரச் சொல்லி டயல் கேஜைப் பாருங்கள். திரும்பவில்லை என்றால் ஆக்சிலரேஷனைப் பாதியாக்குங்கள், டிரைவர் கரண்ட்டைப் பாருங்கள். திசை மாறும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக ஒரே பக்கம் நழுவினால் ஜிஆர்பிஎல்லின் $2 வரியில் ஸ்டெப் பல்ஸ் (டிரைவருக்குப் போகும் மின்துடிப்பு) தலைகீழாக இருக்கிறதா என்றும் பாருங்கள். டிபி6600 மாதிரி வெளி டிரைவர்களில் இது சகஜம்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் கருவியின் அகலம். வெட்டப்போகும் அதே பொருளில் ஒரே பாஸில் (ஒரே ஓட்டத்தில்) ஒரு பள்ளம் வெட்டி, அதன் அகலத்தை அளந்து, 6 என்பதற்குப் பதில் அந்த எண்ணை, வெட்டும் பாதையைத் தயாரிக்கும் கேம் மென்பொருளில் போடுங்கள். கடைசிப் பாஸுக்கு 0.2 மில்லி விட்டுவைத்தால் பிட் வளைவதும் குறையும். எதை மாற்றுவதாக இருந்தாலும், ஜிஆர்பிஎல்லில் $$ கொடுத்து வரும் முழு அமைப்புப் பட்டியலையும் முதலில் எங்காவது சேமித்துக்கொள்ளுங்கள்.